குதிரை அளவு வாத்தும் சாத்திய கதவும்

கேள்வி: எனக்கு 44 வயது. விசித்திரமான செய்திகளைத் தேடிப் படிப்பதும், ‘இப்படி நடந்தால் என்ன செய்வாய்?’ என்று வீட்டில் எல்லோரையும் கேட்பதும் என் பழக்கம். முன்பெல்லாம் மனைவியும் மகளும் சேர்ந்து சிரிப்பார்கள். இப்போது நான் ஆரம்பித்தாலே மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள். போன வாரம், ‘குதிரை அளவில் ஒரு வாத்து, வாத்து அளவில் நூறு குதிரைகள், எதனோடு சண்டை போடுவாய்?’ என்று கேட்டேன். மனைவி, ‘எதுக்குச் சண்டை? கதவைச் சாத்திட்டு உள்ளேயே இருந்திடுவேன்’ என்றாள். அது விதிப்படி செல்லாது என்று விளக்கினேன். ‘உங்களுக்கு வேற வேலையே இல்லையா?’ என்று விளக்கை அணைத்துவிட்டாள். விளையாட்டாகப் பேசுவது ஒரு குற்றமா? பி.கு.: நீங்களாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

பதில்: குற்றமே இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை ஒரே ஒரு சொல்லில் தடுக்கி நின்றுவிட்டேன்: ‘விளக்கினேன்’. எவ்வளவு நேரம் விளக்கினீர்கள் என்று எழுதவில்லை. விளக்கு அணைந்ததை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

உங்கள் மனைவி சொன்னது அபாரமான பதில், அதை நீங்கள் கவனிக்கவே இல்லை. இந்த வாத்து-குதிரைக் கேள்வி பல வருடங்களாக உலகம் சுற்றுகிறது. கேட்கப்பட்ட எல்லோரும் கையை மடக்கிக்கொண்டு வாத்தின் கழுத்தைப் பிடிப்பதா, குதிரைகளை உதைப்பதா என்றுதான் யோசிக்கிறார்கள். சண்டையே வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார், அவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார், நீங்களோ செல்லாது செல்லாது என்று விசில் ஊதியிருக்கிறீர்கள். இதற்குத்தான் அழுகுணி ஆட்டம் என்று பெயர், ஆடியவர் அவர் இல்லை.

இன்னொரு வேடிக்கை, அறிவியலும் அவர் பக்கம்தான். ஒன்றேகால் கிலோ வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை உயரம் வர வேண்டுமென்றால் அதை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சுமார் ஐந்து மடங்கு பெரிதாக்க வேண்டும். அப்போது எடை ஐந்து மடங்கோடு நிற்காது, ஐந்தை மூன்று முறை பெருக்கி 125 மடங்காகிவிடும், அதாவது நூற்றைம்பது கிலோவுக்கு மேல். ஆனால் அதைத் தாங்கும் கால் எலும்பின் பரப்பு, குறுக்கே வெட்டிப் பார்த்தால், 25 மடங்குதான் ஆகியிருக்கும். ஆக அந்த எலும்பின் ஒவ்வொரு துளிப் பரப்பும் இப்போது தாங்குவதைப் போல ஐந்து மடங்கு பாரம் தாங்கியாக வேண்டும், இதில் எங்கே அது உங்களைத் துரத்தப் போகிறது? கலிலியோ 1638-லேயே இந்தக் கணக்கை எழுதி, பிரம்மாண்டமான மிருகத்துக்குச் சிறியதன் எலும்பை அப்படியே பெரிதாக்கி வைத்தால் போதாது என்று படம் வரைந்தே காட்டிவிட்டார். நெருப்புக்கோழிக்கு நூறு கிலோவுக்கு மேல் எடை, அதன் காலையும் வாத்தின் காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வாத்து தானாகவே உட்கார்ந்துவிடும்.

இதை இன்று ராத்திரியே ஓடிப்போய் அவரிடம் விளக்க வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

2016-ல் பிரிட்டனில் நடந்தது உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், விசித்திரச் செய்தி சேர்ப்பவராயிற்றே. துருவ ஆராய்ச்சிக்குப் புதிய கப்பல் கட்டுகிறோம், நல்ல பெயராகச் சொல்லுங்கள் என்று ஓர் அரசு ஆராய்ச்சி அமைப்பு மக்களிடம் கேட்டது. 1,24,109 ஓட்டு வாங்கி ஜெயித்த பெயர் ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’. படகு என்ற ஆங்கிலச் சொல்லைச் செல்லமாக இழுத்த கேலிப் பெயர் அது (தமிழில் எழுதினால் ‘போட்டி’ என்றே வந்து உட்காருவது தனிக் கூத்து). அமைப்புக்குத் தர்மசங்கடம். கடைசியில் கப்பலுக்கு, டிவியில் இயற்கை ஆவணப்படங்கள் வழங்கிப் புகழ்பெற்ற சர் டேவிட் ஆட்டன்பரோவின் பெயரை வைத்தார்கள். கேட்டதும் நாங்களே, தீர்ப்பும் எங்களுடையதே என்றால் மக்கள் முகம் எப்படிப் போகும்? ஆனால் அவர்கள் ஒன்று செய்தார்கள் பாருங்கள், ஜெயித்த பெயரைக் குப்பையில் போடாமல், அந்தக் கப்பலில் போகிற ஆளில்லாத மஞ்சள் நீர்மூழ்கி ஒன்றுக்கு அதைச் சூட்டிவிட்டார்கள். அந்தப் பெயரோடே அது கடலுக்கடியில் போய் ஆராய்ச்சி செய்தது. நீங்கள் அந்த நீர்மூழ்கி அளவுக்காவது இறங்கி வந்திருக்கலாம். ‘சரி, கதவைச் சாத்திட்டே. நூறு குதிரையும் வாசலில் நிற்குது, சாவி வெளியே மாட்டிக்கிட்டு இருக்கு, இப்ப?’ என்று கேட்டிருந்தால் விளக்கு அணைந்திருக்காது.

நீங்கள் கேட்பது எல்லாமே ஒரே ரகம் என்று நினைக்கிறீர்கள். சில கேள்விகளுக்கு விடை உண்டு. உலகத்தில் இருக்கிற 800 கோடிப் பேரும் ஒரே இடத்தில் கூடி ஒரே நேரத்தில் குதித்தால் பூமி நகருமா? விடை இருக்கிறது. நம் எல்லோருடைய எடையையும் கூட்டினாலும் பூமி அதைவிடப் பத்து லட்சம் கோடி மடங்குக்கும் மேல் கனம். நாம் ஓர் அடி எம்பினால் அது ஓர் அணுவின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நகராது, நாம் கீழே வந்ததும் அதுவும் பழைய இடத்துக்கு வந்துவிடும். நல்ல தகவல்தான், ஆனால் இது பரீட்சை. பரீட்சை என்று சொல்லிவிட்டு வையுங்கள், வேண்டியவர்கள் எழுதட்டும். ஒரு நாள் மட்டும் விலங்குகள் எல்லாம் பேசும் என்றால் முதலில் எதனிடம் போய் என்ன கேட்பாய் என்பதற்கு உங்கள் சட்டைப்பையில் விடை கிடையாது, அதனால்தான் அது விளையாட்டு. நீங்கள் இரண்டாவது ரகத்தைக் கேட்டுவிட்டு முதல் ரகத்துக்குப் போடுவது போல மார்க் போடுகிறீர்கள். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரோடு எத்தனை நாள்தான் முயல் பிடிக்க வருவார்கள்?

செய்தி சொல்வதிலும் இதே பிரச்சினை இருக்கும் என்று நினைக்கிறேன். முழுக்கதையையும் நீங்களே சொல்லி முடித்து, சிரிக்க வேண்டிய இடத்தையும் சுட்டிக்காட்டி விடுவீர்கள், இல்லையா? பாதியில் நிறுத்திப் பாருங்கள். 1932, மேற்கு ஆஸ்திரேலியா. சுமார் இருபதாயிரம் ஈமு கோழிகள் கோதுமை வயல்களில் இறங்கிவிட்டன. விவசாயிகள் அரசாங்கத்திடம் போய் நிற்க, அரசாங்கம் ராணுவத்தை அனுப்புகிறது, ஒரு மேஜர், இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள், பத்தாயிரம் குண்டுகள். இங்கே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். மகள் தட்டோடு எழுந்திருந்தால்கூட வாசற்படியில் திரும்பி நின்று ‘அப்புறம்?’ என்பாள். உடனே சொல்லாதீர்கள், ‘நீ மேஜராக இருந்தால் என்ன செய்வே?’ என்று அவளிடம் விடுங்கள். பறவைகள் சின்னச் சின்னக் கூட்டமாகச் சிதறி ஓடியதையும், துப்பாக்கியை லாரியில் ஏற்றித் துரத்தினால் குலுங்கிய குலுங்கலில் ஒரு குண்டுகூடச் சுட முடியாமல் போனதையும், டிசம்பரில் ராணுவம் மூட்டையைக் கட்டியதையும் அவள் கேட்டால் சொல்லலாம். அவள் சொல்கிற திட்டம் அந்த மேஜருடையதைவிட மோசமாக இருக்க வழியே இல்லை.

மகளுக்கு என்ன வயது என்று எழுதவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு போகிற வேகத்தைப் பார்த்தால் பதினைந்து பதினாறு இருக்கும். அந்த வயதில் அப்பாவின் நகைச்சுவைக்குச் சிரிப்பது கௌரவப் பிரச்சினை, அதை ரொம்பவும் மனதில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் இருங்கள். கஷ்டம்தான், தெரியும். எட்டாம் நாள், ‘இன்னைக்கு உங்க ரெண்டு பேர்ல யாராவது கேளுங்க, நான் பதில் சொல்றேன்’ என்று உட்காருங்கள். அவர்கள் கேட்கிற கேள்வி படுமொக்கையாக இருக்கலாம். பதில் சொல்லுங்கள். அவர்கள் விசில் ஊதினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பின்குறிப்பு. எனக்கு நூறு குதிரைகள்தான். கிட்டத்தட்ட 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வட அமெரிக்காவில் சிஃப்ரிப்பஸ் என்ற குதிரையினம் உண்மையிலேயே இருந்தது, பூமி சூடானபோது அது இன்னும் சுருங்கி ஏறக்குறைய நாலு கிலோவுக்கு, ஒரு வீட்டுப் பூனை அளவுக்கு, வந்துவிட்டது. நல்ல கொழுத்த வாத்து அளவு என்று தாராளமாகச் சொல்லலாம். அத்தனை சின்ன உடம்பில் சூடு சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் வெப்ப ரத்தப் பிராணி எதுவாக இருந்தாலும் அடிக்கடி தின்றுகொண்டே இருக்க வேண்டும். எனவே கொஞ்சம் தழையை ஒரு மூலையில் கொட்டிவிட்டு, நூறும் அங்கே ஓடியதும், நான் இந்தப் பக்கமாக நடந்து போய்விடுவேன். இது விதிப்படி செல்லாது என்று எனக்கு மறுகடிதம் போட வேண்டாம், உங்கள் மனைவியிடம் காட்டுங்கள், அவர் செல்லும் என்றால் செல்லும்.