போரை விமர்சித்த பதிவுக்கு ஸ்டேஷனிலிருந்து போன்

கேள்வி: எனக்கு 62 வயது. தென்காசிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தபோது, "பஹல்காமில் 26 பேர் சாகும்வரை உளவுத்துறை என்ன செய்தது? பூஞ்ச் மக்களைக் குண்டு விழும் முன்பே ஏன் அப்புறப்படுத்தவில்லை? கேள்வி கேட்டால் துரோகியா?" என்று ஃபேஸ்புக்கில் எழுதினேன். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்களாம். ஸ்டேஷன் ரைட்டர் போன் செய்து, செல்போனோடு வரச் சொல்கிறார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் முடித்துவிடலாம் என்கிறார். பதிவை அழித்துவிட்டுப் போகலாமா?

பதில்: அழிக்காதீர்கள் ஐயா. புகார் கொடுத்தவரிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும், பெரும்பாலும் பாதி வெட்டியது. முழுப் பதிவும் தேதியும், கீழே நீங்கள் எழுதிய மறுமொழிகளும் உங்கள் பக்கத்துச் சாட்சிகள். புகார் வந்தது தெரிந்தபின் அழித்தால், சாட்சியத்தை ஒழித்ததாக பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 241-ஆம் பிரிவையும் சேர்க்க நாமே இடம் கொடுத்ததாகும். பிறர் கண்ணில் படவேண்டாம் என்றால் பதிவை 'எனக்கு மட்டும்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். லிங்க்கோடு பிரதி எடுத்து, பூஞ்ச் செய்தியை எந்தப் பத்திரிகையில் படித்தீர்களோ அதையும் சேர்த்து வையுங்கள். வதந்தி பரப்பியதாக அச்சட்டத்தின் 353-ஆம் பிரிவைப் போட்டால், நம்பத் தகுந்த ஆதாரத்தோடு நல்லெண்ணத்தில் சொன்னதற்கு அதே பிரிவில் விதிவிலக்கு இருக்கிறது.

மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். அதை எழுதச் சொல்பவர் வாசகத்தையும் அவரே சொல்வார். "தேசத்துக்கு எதிராக" என்ற சொல் உங்கள் கையெழுத்தில் ஏறிவிடும். அதை வாங்கிக்கொண்டு வழக்கை முடிக்கும் கடமை அவருக்கு இல்லை. புனேயில் 19 வயது மாணவி ஒருவர், தான் பகிர்ந்த பதிவை நீக்கி மன்னிப்பும் கேட்டார். அதன் பிறகும் கைதானார். 2025 மே 27-இல்தான் மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது.

போனில் கூப்பிடுவது சம்மன் ஆகாது. "சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) எண் என்ன, எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா, என்ன பிரிவு, எழுத்தில் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். சாட்சியாக அழைத்தால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 179-இன்படி எழுத்து உத்தரவு வேண்டும். 60 வயது தாண்டியவரை வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். சந்தேக நபர் என்றால் அதே சட்டத்தின் 35(3) நோட்டீஸ் வரவேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நோட்டீஸ் முறையாகக் கைக்கு வந்தால் கட்டாயம் போகவேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். நோட்டீஸின்படி போய் வருபவரைக் கைது செய்ய, அதிகாரி காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். போகாவிட்டால் அந்தக் காரணத்தை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள்.

பிரிவை ஏன் முதலில் கேட்கச் சொல்கிறேன்? இத்தகைய பதிவுகளுக்கு வழக்கமாக விழுவது பி.என்.எஸ். 196 (பிரிவினரிடையே பகை), 353, 152 (நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து). முதல் இரண்டில் மட்டும், மூன்று ஆண்டுவரை தண்டனை என்பதால், எஃப்.ஐ.ஆருக்கு முன்பே பி.என்.எஸ்.எஸ். 173(3)-இன்கீழ் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் பூர்வாங்க விசாரணை நடத்த முடியும். பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில் அதைச் செய்வதே பொருத்தம் என்றது இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2025 மார்ச் 28 தீர்ப்பு. சொல்லின் விளைவை மனத்திடம் உள்ளவரின் அளவுகோலால் பார்க்கவேண்டும், எதற்கெடுத்தாலும் பதறுபவரின் அளவுகோலால் அல்ல என்றும் அது சொல்கிறது. 152-ஐ ஒட்டிவிட்டால், ஆயுள்வரை தண்டனை உள்ள பிரிவு என்பதால் அந்த 14 நாள் வாசல் அடைபடுகிறது. அது அடிக்கடி ஒட்டப்படுவதில் எனக்கு வியப்பில்லை. பழைய தேசத்துரோகச் சட்டம் போய்விட்டது என்று சொன்னவர்கள் இதைப் படித்துப் பார்க்கட்டும்.

152 உங்கள் பதிவுக்குப் பொருந்தாது. தெரிந்தோ நோக்கத்தோடோ பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி போன்றவற்றைத் தூண்டியோ, நாட்டின் ஒற்றுமைக்கு ஆபத்து விளைவித்தோ இருக்க வேண்டும். அரசின் நடவடிக்கையைச் சட்டவழியில் மாற்றக் கோரி, தூண்டுதல் இல்லாமல் கண்டிப்பது குற்றமல்ல என்று அப்பிரிவின் விளக்கமே சொல்கிறது. 196-க்கு இரண்டு பிரிவினர் வேண்டும். 'அரசாங்கம்' அப்படி ஒரு பிரிவினர் அல்ல. காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து பறிக்கப்பட்டதைக் கறுப்பு நாள் என்று வாட்ஸ்அப்பில் வைத்த பேராசிரியர் மீதான வழக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும், சிறுமலைக்குத் 'துப்பாக்கிப் பயிற்சிக்குப் பயணம்' என்று வேடிக்கையாகப் படம் போட்டவர்மேல் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்ததாகப் போட்ட வழக்கு 2021 டிசம்பரில் ரத்தானது.

ஒரு எச்சரிக்கை. 152, 196, 353(1) மூன்றுக்கும் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 217; இனி வரும் பிரிவு எண்களும் அந்தச் சட்டத்தில்தான்). கைதுக்கு அது தேவையில்லை. உள்ளே போட்டபின் அனுமதிக்குக் காத்திருக்கலாம் என்பதுதான் நடைமுறை.

செல்போனை நீங்களாகக் கொண்டுபோக வேண்டாம். எழுத்து உத்தரவு கேளுங்கள். ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் குற்றம் சாட்டப்பட்டவரிடம் செல்லாது என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டம் சாதனங்களையும் சேர்த்திருப்பதால் இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. கைப்பற்றினால் தடுக்காதீர்கள், ஐ.எம்.இ.ஐ. எண் (போனின் அடையாள எண்), நேரம், சாட்சிகளோடு மகஜர் (பறிமுதல் குறிப்பு) பிரதி கேளுங்கள். வீடியோ பதிவு 105-இன்படி கட்டாயம். பாஸ்வேர்ட் கேட்டால் "வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன்" போதும். கைதாகி விசாரிக்கப்படும்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை 38-இல் இருக்கிறது. கூடவே உட்கார்ந்திருக்கும் உரிமை அல்ல.

எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் பிரதியைத் தமிழ்நாடு போலீஸ் தளத்தில் தேடுங்கள். உணர்வுபூர்வமானது என்று ஏற்றாமல் விட்டிருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கலாம். முன்ஜாமீனை (482) முதலில் செஷன்ஸில் கேளுங்கள். ரத்து மனு (528) மதுரைக் கிளையில். ரத்து மனு மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால், அது விசாரணைக்கு வருமுன் கைது நடக்கலாம். இரண்டையும் சேர்த்தே தயார் செய்யச் சொல்லுங்கள்.

இவ்வளவும் நீங்கள் காட்டிய மூன்று வரிகளுக்கு. அதே பதிவில் ராணுவ வண்டிகள் போகும் படமோ, படை இருக்கும் இடமோ, யாரோ அனுப்பிய தாக்குதல் வீடியோவோ இருந்தால் 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம்வரை பேச்சு போகும். அப்படியானால் ரைட்டருக்குத் திரும்பப் போன் செய்வதற்கு முன் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.