நடைவண்டியா, வாக்கரா? – கைக்குழந்தை கேள்வி பதில்

என் பையனுக்கு ஏழு மாதம். என் அண்ணன் ஆசையாக வட்ட வாக்கர் வாங்கித் தந்திருக்கிறார். மாமியாரோ, மர நடைவண்டிதான் நல்லது என்கிறார். இரண்டும் ஒன்றுதானே?
– வாசகி, விருதுநகர்

ஒன்றே இல்லை. வாக்கரில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது, நடைவண்டியில் நிற்கிறது. வாக்கரின் துணி இருக்கை இடுப்பைத் தாங்கிக்கொள்வதால் உடம்புப் பாரம் காலுக்கு இறங்குவதில்லை. நுனிவிரலால் தரையை ஓர் உந்து உந்தினால் வண்டி ஓடிவிடும். முன்னால் இருக்கும் தட்டு பாதத்தை மறைப்பதால், தன் கால் என்ன செய்கிறது என்றுகூடக் குழந்தைக்குத் தெரியாது. சமநிலை, முழங்கால் மடிப்பு, குதிகால் ஊன்றல் என்று நடைக்கு வேண்டிய எதையும் அது பழக்காது. சில குழந்தைகளுக்கு நடை தள்ளிப்போவதும் உண்டு.

அதைவிடப் பெரிய ஆபத்து வேகம். நொடிக்கு ஒரு மீட்டர் என்பது வாக்கருக்குச் சாதாரணம். நீங்கள் அடுப்பிலிருந்து திரும்புவதற்குள் குழந்தை படிக்கட்டு விளிம்பில் இருக்கும். இல்லையென்றால் கீழே இறக்கி வைத்த ரசச் சட்டியருகில். கனடா 2004இல் வாக்கர் விற்பனைக்கு முழுத் தடையே போட்டது. பழைய வாக்கரை மறுவிற்பனை செய்வதும் அங்கே குற்றம். அண்ணன் மனம் நோகும் என்றால் பரணில் ஏற்றி வையுங்கள். பக்கத்து வீட்டுக்கு மட்டும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மாமியார் சொல்வது சரி, ஆனால் இப்போதைக்கு இல்லை. கட்டிலைப் பிடித்துத் தானாக எழுந்து நின்று, பக்கவாட்டில் நாலு எட்டு வைத்த பிறகுதான் நடைவண்டி. பெரும்பாலும் பத்து, பதினோரு மாதமாகும். அப்போதும் இன்றைய வீடுகளில் ஒரு சிக்கல் வரும். நடைவண்டி மண்தரைக்கும் சிமெண்ட் தரைக்கும் ஏற்றது. டைல்ஸில் வண்டி முன்னால் ஓட, குழந்தை பின்னாலேயே முகம் குப்புற விழும். எழுந்து நிற்கக் கைப்பிடியை இழுத்தால் வண்டி அதன் மேலேயே சாயும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. பழைய சைக்கிள் டியூபை 2 செ.மீ. அகல வளையங்களாக வெட்டிப் பின்சக்கரம் இரண்டிலும் இறுக்கமாக மாட்டுங்கள். ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் தைத்து, முன்சக்கரத்துக்கு நேர் மேலே சட்டத்தோடு கட்டுங்கள். பிறகு ஒற்றை விரலால் தள்ளிப் பாருங்கள். ஒரு சாண் தூரத்துக்குள் வண்டி நின்றால் சரி. அதற்கு மேல் ஓடினால் இன்னொரு அரைக் கிலோ சேருங்கள். கைப்பிடி குழந்தையின் மார்பு உயரத்தில் இருக்கட்டும். சக்கரத்து ஆணி தளர்ந்திருக்கிறதா, மரத்தில் சிலாம்பு இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். வீட்டுக்குள் செருப்பு, ஷூ வேண்டாம். வெறுங்காலில்தான் விரல்கள் தரையைப் பிடிக்கும்.

பதினோரு மாதமாகியும் என் மகள் தவழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து நேராக எழுந்து நிற்கப் பார்க்கிறாள். ஏதாவது வாங்கிப் பழக்க வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

எதுவும் வாங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட அளவீட்டில், நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடைக்குப் போயிருக்கிறார்கள். தனியாக நடப்பதற்கு அவர்கள் கண்ட இயல்பான காலமே ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை நீள்கிறது. ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்தினாலும், உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருந்தாலும், 9 மாதம் தாண்டியும் பிடிமானமில்லாமல் உட்காராவிட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தைக்கு இரண்டு மாதம். தூளியில்தான் தூங்குகிறான். ஸ்பிரிங் வாங்கி மாட்டலாமா? எத்தனை மாதம் வரை தூளி கட்டலாம்?
– வாசகி, கும்பகோணம்

ஸ்பிரிங்கை விடுங்கள், முதலில் தூளிக்குள் எட்டிப் பாருங்கள். குழந்தையின் முகவாய் நெஞ்சில் முட்டிக்கொண்டு இருக்கிறதா? இந்த வயதில் மூச்சுக்குழல் மெல்லியது, வளைந்தால் மடங்கிக்கொள்ளும். கழுத்தை நிமிர்த்தவும் குழந்தைக்குத் தெம்பு இருக்காது. அழுகையோ இருமலோ இல்லாமலே மூச்சு குறைந்துவிடும், அதுதான் பயம். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். தூளி ஆழமாகத் தொங்கத் தொங்க இந்த இடைவெளி குறையும்.

அதனால் மேலே துணியை அகட்டிப் பிடிக்கும் குறுக்குக் கட்டை கட்டாயம். இரண்டு பக்கத் துணியும் முகத்தின் மேல் மூடிக்கொள்ளாமல் அதுதான் காக்கிறது. பழைய பருத்திப் புடவைதான் தோது. நைலக்ஸ், பாலியெஸ்டர் துணியில் முடிச்சு வழுக்கும், காற்றும் புகாது. அடிப்பாகம் தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் போகவேண்டாம். கீழே பாய் விரித்திருங்கள். ஸ்பிரிங் மாட்டத்தான் வேண்டுமென்றால் அதற்குள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு, மேல் கொக்கியையும் கீழ் வளையத்தையும் சேர்த்துச் சற்றுத் தளர்வாகக் கட்டுங்கள். கம்பி அறுந்தாலும் கயிறு தாங்கும். ஸ்பிரிங்குக்கு வெளியே துணி உறை போடாவிட்டால் மூத்த பிள்ளையின் விரலும் தலைமுடியும் அதில் மாட்டும். குழந்தையைப் போடும் முன் 20 கிலோ அரிசி மூட்டையை ஒரு பொழுது தொங்கவிட்டுச் சோதியுங்கள். மின்விசிறிக் கொக்கியில் மட்டும் மாட்டாதீர்கள்.

தூளி பகல் தூக்கத்துக்கு, அதுவும் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். இரவில் நீங்கள் தூங்கும் அறையிலேயே, கெட்டியான சமதள விரிப்பில், தலையணையும் கனத்த போர்வையும் இல்லாமல் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தூளியில் தூங்கிப்போனாலும் எடுத்துக் கிடத்துவதே நல்லது. அமெரிக்காவில் 10 பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை 2022இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். காரணம் இதே முகவாய்ச் சமாசாரம்தான். குழந்தை கவிழ முயன்ற அன்றே தூளிக் காலம் முடிந்தது. நான்காம் மாதமே கவிழும் குழந்தைகளும் உண்டு. குழந்தை இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்து வையுங்கள். மூத்த பிள்ளைகள் அதில் முறுக்கிச் சுற்றி விளையாடும்போது துணி கழுத்தை இறுக்கி உயிர் போயிருக்கிறது.

தலை உருண்டையாக வர கடுகுத் தலையணை வைக்கலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம். முதல் வருடம் எந்தத் தலையணையும் தேவையில்லை. பின்மண்டை தட்டையாவதற்குக் காரணம் ஒரே பக்கமாகப் படுப்பது. இன்று தலை கிழக்கே என்றால் நாளை மேற்கே மாற்றிக் கிடத்துங்கள். வெளிச்சமும் உங்கள் குரலும் வேறு பக்கத்திலிருந்து வரும்போது தலை தானாகத் திரும்பும். விழித்திருக்கும்போது குப்புறப் போடுவது அதைவிட நல்லது.

குப்புறப் போட்டால் நெஞ்சு அழுந்தும், தானாகக் கவிழட்டும் என்கிறார்கள் வீட்டில். இரண்டரை மாதக் குழந்தையோடு வேறு என்னதான் விளையாடுவது?
– வாசகி, தூத்துக்குடி

தூங்கும்போது குப்புறப் போடக்கூடாது. விழித்திருக்கும்போது போடத்தான் வேண்டும். இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் சொன்ன செங்கீரைப் பருவம் என்ன? இரு கையும் ஒரு முழங்காலும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவதுதானே. அந்தக் கழுத்துக்கும் தோளுக்கும் பலம் வருவது இங்கிருந்துதான்.

தொடங்கும்போது தரையே வேண்டாம். நீங்கள் சாய்ந்து படுத்து, உங்கள் நெஞ்சின் மேல் குழந்தையைக் கவிழ்த்துங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கவாவது தலை தூக்கும். அடுத்து பாயில். சின்னத் துண்டை 8 செ.மீ. தடிமனுக்குச் சுருட்டி அக்குளுக்குக் கீழே, மார்புக்கு அடியில் வையுங்கள். கைகள் இரண்டும் துண்டுக்கு முன்னால் வரட்டும். பெரும்பாலானவர்கள் கையை வயிற்றுக்கு அடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் குழந்தை ஊன்ற முடியாமல் அழத்தான் செய்யும். பால் குடித்த உடனே போட்டால் கக்கும், அரை மணி போகட்டும். ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை என்று ஆரம்பித்து, நாள் முழுக்கச் சேர்த்து அரை மணி வரை கொண்டுபோங்கள். முகத்தைப் பாயில் தேய்த்தாலோ சிணுங்கினாலோ தூக்கிவிடுங்கள்.

விளையாட்டுச் சாமானுக்குச் செலவு எதுவும் இல்லை. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் தெளிவாகத் தெரியும், அதாவது பால் குடிக்கும்போது உங்கள் முகம் இருக்கும் தூரம். வெளிர் நீலம், வெளிர் ரோஜா எல்லாம் அதன் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான். கருப்பு சார்ட் பேப்பரில் வெள்ளைச் சாயத்தால் ஒரு சின்னப் புள்ளிக்கோலம் போடுங்கள். கோடு ஒரு விரல் தடிமன், ஐந்தாறு வளைவு போதும். சிக்குக் கோலத் திறமையை வாசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை முகத்துக்கு நேரே பிடித்து, மெதுவாக இடமிருந்து வலம் நகர்த்தினால் கண் பின்தொடரும். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ கொட்டாவி விட்டாலோ போதும் என்று அர்த்தம்.

தொட்டிலுக்கு மேலே தொங்கவிடும் கிளி, யானை பொம்மைகளை வாங்கும் முன் ஒருமுறை அடியில் படுத்துப் பாருங்கள். நமக்குப் பக்கவாட்டில் அழகாகத் தெரிவது குழந்தைக்கு வெறும் அடிவயிறாகத்தான் தெரியும். அதையும் ஐந்து மாதத்துக்குள் கழற்றிவிட வேண்டும். எட்டிப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

எட்டு மாதப் பெண். பொம்மை எதைக் கொடுத்தாலும் தூக்கிப் போடுகிறாள். விலை உயர்ந்ததும் ஒரே நாளில் அலுத்துவிடுகிறது.
– வாசகி, யாழ்ப்பாணம்

தூக்கிப் போடுவதுதான் இந்த வயதின் விளையாட்டு. விழுந்தால் என்ன சத்தம், எங்கே போகிறது, யார் எடுத்துத் தருகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் சோதனை நடக்கிறது. ஒரு பக்கம் ஸ்டீல் தாம்பாளம், மறுபக்கம் மடித்த ஜமுக்காளம் வைத்துவிடுங்கள். சத்தம் மாறுவதைக் கண்டுபிடித்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பாள்.

அலுப்புக்கு மருந்து ஒரு கூடை. எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற பிரிட்டன் கல்வியாளர் ‘புதையல் கூடை’ என்று பெயர் சூட்டியது, நம் சமையலறையிலேயே நிரம்பிக் கிடக்கிறது. 35 செ.மீ. அகலம், 10 முதல் 12 செ.மீ. உயரம், கைப்பிடி இல்லாத, கவிழாத பிரம்புக் கூடை. உள்ளே பிளாஸ்டிக்கே வேண்டாம். அது எல்லாமே ஒரே வழவழப்பு, ஒரே கனம். ஸ்டீல் டம்ளர், சின்னப் பித்தளைக் கிண்ணம், மரக்கரண்டி, தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்கச்சி, ஒரு கைக்குட்டை அளவு பட்டுத் துணி, சொரசொரப்பான சணல் துணி என்று ஒரு டஜன் சாமான். ஒவ்வொன்றின் கனமும் குளிர்ச்சியும் வேறு. பனையோலை விசிறி பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் விளிம்பு உதட்டைக் கீறும். அவள் உட்கார்ந்து துழாவட்டும், நீங்கள் பக்கத்தில் சும்மா இருங்கள். எடுத்து எடுத்துக் கையில் திணித்தால் விளையாட்டு உங்களுடையதாகிவிடும். இருபது நிமிடம் போனதும் எடுத்து வைத்துவிடுங்கள். வாரம் இரண்டு மூன்று சாமானை மாற்றுங்கள்.

டம்ளரைத் துணியால் பாதி மூடி ‘எங்கே?’ என்று கேளுங்கள். பாதி தெரிந்தால் எடுக்கிறாளென்றால், மறுநாள் முழுக்க மூடுங்கள். உள்ளங்கையில் பருப்பு கடைந்து நண்டு ஊரவிடும் ஆட்டத்துக்கும் இதுதான் வயது. அடுத்த மாதம் கை தட்டத் தொடங்குவாள், சப்பாணிப் பருவம்.

திருவிழாக் கடையில் வாங்கிய மரச் செப்பை வாயில் வைக்கலாமா? ஐ.எஸ்.ஐ. முத்திரை எதிலும் இல்லையே?
– வாசகர், ஸ்ரீரங்கம்

இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு 1.1.2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே முத்திரை இல்லாததாலேயே மரச் செப்பு கெட்டதாகிவிடாது. ஈரத் துணியால் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வாய்க்குப் போகக்கூடாது.

செப்பில் சாயத்தைவிட அளவுதான் பிரச்சினை. குட்டி உலக்கையும் மூடியும் தொண்டைக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். 13 செ.மீ. நீளமுள்ள அட்டைப் பட்டையை வளைத்து, விளிம்போடு விளிம்பு ஒட்டினால் 4 செ.மீ. அகலக் குழல் கிடைக்கும். அதற்குள் நுழையும் எதுவும் மூன்று வயது வரை கையில் கூடாது. கருகமணி, வசம்பு வளையல் இரண்டும் இதே குழலில் விழுந்துவிடும். கயிறு தொங்கும் பொம்மையில் கயிறு 22 செ.மீ. தாண்டக்கூடாது.

பாட்டுப் பாடும் பொம்மையில் பொத்தான் பேட்டரி இருந்தால், அந்தக் கதவு திருகாணி போட்டு மூடியதாக இருக்கவேண்டும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயை இரண்டே மணி நேரத்தில் அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நாலு மாதக் குழந்தையை உட்காரவைக்கும் பஞ்சு சோபா பயன்படுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

போட்டோ எடுக்கப் பயன்படும். முதுகு இன்னும் தயாராகவில்லை. முன்பக்கம் குழைந்து முகம் பஞ்சில் புதையும்.

ஐந்து மாதக் குழந்தையை மார்பில் கட்டும் பையில் வைத்து ஸ்கூட்டரில் அழைத்துப் போகலாமா?
– வாசகர், மதுரை

பையை நடக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். முகம் எப்போதும் தெரியவேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்கவேண்டும். கால்கள் நேராகத் தொங்காமல், தவளைபோல் மடங்கி, முட்டி இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருந்தால் இடுப்பு மூட்டுக்கு நல்லது. கால் குறுகித் தொங்கும் பையை வாங்காதீர்கள்.

ஸ்கூட்டர் வேண்டாம். 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டை, 40 கி.மீ. வேக வரம்பு, 9 மாதத்திலிருந்து தலைக்கவசமும் என்று 2023 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. 9 மாதத்துக்குக் கீழே தலைக்கவசம் கேட்கவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கழுத்து தலைக்கவசத்தின் கனத்தையே தாங்காது. தடுப்பூசி நாளில் ஆட்டோவோ பஸ்ஸோ பிடியுங்கள். கார் இருந்தால் பின்சீட்டில், பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையில் வையுங்கள். தோள் பட்டையைப் போட்டபின் அதைக் கிள்ளிப் பாருங்கள். துணி மடிந்து விரலுக்குள் வந்தால் தளர்வாக இருக்கிறது என்று பொருள், இன்னும் இறுக்குங்கள்.