கடைமடை சேராத சர்க்கரை
மூட்டுநோய்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முடக்குவாதம் வந்தவர்களின் ஆன்டிபாடியில் சர்க்கரை குறைந்துவிடுகிறது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். எனக்கு முடக்குவாதமும் உண்டு, சுகரும் உண்டு. கருப்பட்டியோ பாலோ கூட்டிக்கொண்டால் சரியாகுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: ஆகாது. சுகர்தான் ஏறும்.

காணொளியில் சொன்னது பொய்யில்லை. ஐஜிஜி என்பது ஒரு வகை ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்புப் புரதம். உண்டிவில் கவட்டை மாதிரி இருக்கும். அதன் காம்பில் இரு பக்கமும், 297ஆவது அமினோ அமிலத்தில், ஆளுக்கொரு சர்க்கரைச் சங்கிலி. சங்கிலி இரண்டாகக் கிளைக்கும். கிளை நுனியில் காலக்டோஸ் என்ற சர்க்கரை உட்காரும், சிலவற்றில் அதற்கும் மேலே சியாலிக் அமிலம் என்ற இன்னொரு சர்க்கரை. முடக்குவாதத்தில் இந்த நுனி காலக்டோஸ் குறைவதை 1985இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். காலக்டோஸ் இல்லாத கிளையில் சியாலிக் அமிலத்துக்கு இடம் கிடையாது. அழற்சியை அடக்கி வைப்பதில் அதற்கும் பங்குண்டு.

மேட்டூரில் தண்ணீர் இருந்தும் கடைமடை மதகு திறக்காத கதைதான் இது. காலக்டோஸை உடம்பு குளுக்கோஸிலிருந்தே செய்துகொள்ளும், அதற்குப் பஞ்சமில்லை. ஆன்டிபாடி தயாரிக்கும் செல்லுக்குள், நொதி அதை நுனியில் ஒட்டும் வேலைதான் மாறிப்போகிறது. எச்பிஏ1சி-யோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ரத்தச் சர்க்கரை ஹீமோகுளோபினில் நொதியின்றித் தானாக ஒட்டுவதன் அளவு.

நீங்கள் பயப்பட வேண்டிய சர்க்கரை ஸ்டீராய்டால் வருவது. ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோனைக் காலையில் போட்டால் மதியத்துக்கு மேல்தான் சுகர் எகிறும். வெறும் வயிற்று அளவு ஒழுங்காகவே தெரியலாம். மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். முடக்குவாத மாத்திரையான மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவரானால் அது வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டுவிட்டால் வாய்ப்புண், வெள்ளணுக் குறைவு என்று உயிருக்கே ஆபத்தாகும். கிழமையை மாத்திரை அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: மருமகளுக்கு 5ஆம் மாதம். முடக்குவாத வலி தானாகவே விட்டுவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, குத்தாலம்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். கர்ப்ப காலத்தில் ஐஜிஜியின் நுனி காலக்டோஸ் கூடுகிறது. பலருக்கு வலியும் அதையொட்டித் தணிகிறது. (ஹார்மோன் மாற்றங்களும் சேர்ந்து வேலை செய்வதால் புகழ் முழுவதையும் சர்க்கரைக்கே கொடுக்க முடியாது.) பிரசவத்துக்குப் பின் காலக்டோஸ் பழையபடி இறங்கும். முதல் சில மாதங்களில் நோய் திரும்பச் சீறுவது வழக்கம். கைக்குழந்தையைத் தூக்கவேண்டிய நேரம் பார்த்து மணிக்கட்டு வீங்கும்.

என்ன மாத்திரை என்று முதலில் பாருங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் இரண்டையும் மருத்துவர் மேற்பார்வையில் கர்ப்பத்திலும் தொடரலாம். சல்ஃபாசலசினோடு ஃபோலிக் அமிலமும் வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டோ லெஃப்ளுனமைடோ இருந்தால் அடுத்த வேளை போடாமல் இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், இரண்டும் கருவுக்கு ஆகாது. 20 வாரத்துக்குப் பிறகு டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும். பிரசவமாகி 6 வாரத்துக்குள் மூட்டு மருத்துவரைப் பார்க்க இப்போதே நாள் குறித்து வையுங்கள்.

கேள்வி: ஆன்டிபாடி சர்க்கரையை அளக்கும் டெஸ்ட்டை எழுதிக் கேட்கலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: வேண்டாம். அது இன்னும் ஆய்வுக்கூட வேலைதான். வயது ஏறினாலே காலக்டோஸ் குறையும். காசநோயிலும் குடல் அழற்சியான கிரோன் நோயிலும் குறையும். அந்த ஒரு எண்ணை வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி-சிசிபி, சிஆர்பி, ஈஎஸ்ஆர் என்ற வழக்கமான ரத்த டெஸ்ட்டுகளே போதும். மருத்துவரிடம் போகும்போது, காலையில் எழுந்ததிலிருந்து விரல்கள் முழுதாக மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு வாரத்துக்குக் குறித்து எடுத்துப் போங்கள். அரை மணியைத் தாண்டினால் அதை முதலில் சொல்லுங்கள்.