கேள்வி-பதில்: வெயில் வேண்டும், வேகக் கூடாது

கேள்வி: சித்திரைத் திருவிழா முடிந்து, மே கடைசியில் பிள்ளைகளோடு ஸ்பெயின் போகிறோம். செவில்லா, மாலகாவா?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: மாலகா. பகலில் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். செவில் கடலை விட்டு உள்ளே தள்ளிய ஊர். ஜூலை, ஆகஸ்டில் 40-ஐத் தாண்டும். அதற்கு நம்மூர்க் கத்திரியே தேவலை! ஆனால் மாலகாவில் அப்போது கடல்நீர் 18 டிகிரிதான். பிள்ளைகள் காலை நனைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார்கள்.

கிரனடா ஊரிலுள்ள பழைய கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவுக்குப் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பே டிக்கெட் எடுங்கள். அதற்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைக்குள் நுழையும் நேரம் அதிலேயே இருக்கும்; தவறவிட்டால் விடமாட்டார்கள்.

ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பொழுது சாய இரவு 9 தாண்டும். பல ஓட்டல்களில் 8 மணிக்கு முன் இரவுச் சாப்பாடு கிடைக்காது, பிள்ளைகளுக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.