ஆச்சிகிட்ட இயேசுவைப் பத்தி எப்ப சொல்றது? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

நான் காரைக்குடில ஒரு ஆபீஸ்ல வேலை பாக்குறேன். ஒரு ஆச்சி வீட்டுல பின்கட்டுல வாடகைக்கு இருக்கேன். ஆச்சியோட பிள்ளைகள்லாம் சிங்கப்பூர், சென்னைன்னு இருக்காங்க, அவங்க தனியாத்தான் இருக்காங்க. போன வருஷம் மதுரையில அவங்களுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தப்ப லீவு போட்டு நான்தான் கூட இருந்தேன். அதுலேர்ந்து என்னைய பெத்த பொண்ணு மாதிரி பாக்குறாங்க. இப்ப எங்க சபையில இந்த வருஷம் ஆளுக்கு ஒரு ஆத்துமாவ இயேசுகிட்ட கொண்டு வரணும்னு சொல்லிருக்காங்க. பாஸ்டரம்மா, "ஆச்சி உன்மேல இவ்ளோ பாசமா இருக்காங்களே, அது கர்த்தர் தொறந்து வச்ச வாசல், இப்ப சொல்லாம எப்ப சொல்லப் போற"ங்குறாங்க. இயேசுவைப் பத்தி அச்சடிச்ச கைப்பிரதி ஒரு கட்டு பேக்லயே கெடக்கு, எடுத்து நீட்ட எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. இயேசுவைப் பத்தி சொல்ல நான் வெக்கப்படுறேனாக்கா? ஓரியூர்ல அருளானந்தர்ங்குற பாதிரியாரு விசுவாசத்துக்காகத் தலையவே குடுத்தாரு, எனக்கு வாயத் தொறக்கவே பயம். கேஸ் கீஸ்னு ஆயிருமோன்னும் பயமா இருக்கு. இன்னொண்ணு, ஆச்சி கோயிலுக்குப் போய்ட்டு வந்தா பிரசாதம் குடுப்பாங்க. எங்க சபையில சாப்பிடக்கூடாது. மாட்டேன்னு சொல்ல மனசு வராம சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டு வந்து யாருக்கும் தெரியாம குப்பையில போட்டுருவேன். பேரு போடாதீங்க ப்ளீஸ்.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

பேரு போடல, விவரமும் ஒண்ணு ரெண்டு மாத்திருக்கேன், நிம்மதியா படிங்க.

'என்னமோ மாதிரி இருக்கு'ன்னு எழுதிருக்கீங்கள்ல, அதுக்கு நீங்களா பயம்னு பேரு வச்சுக்கிட்டீங்க, பாஸ்டரம்மா வெக்கம்னு வச்சிருப்பாங்க, எனக்கு ரெண்டுமா தெரியல. ராத்திரி முழிச்சிருந்து பெட்பேன் வச்சு, காலைல வாக்கரப் புடிச்சு வராண்டாவுல நடக்க வச்சதெல்லாம் ஒரு வயசான மனுஷிக்கு வலிக்குதேன்னு செஞ்சது. அத இப்ப முன்னாடி வச்சு, ஆச்சி நான் உங்களப் பாத்துக்கிட்டேன்ல, இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்கன்னு ஒரு பேப்பர நீட்டுனா ஆச்சிக்கு அது எப்படி இருக்கும்னு உங்க மனசுக்கு ஏற்கனவே தெரிஞ்சு போச்சு, அதான் கை பேக்குக்குள்ள போக மாட்டேங்குது. பர்மாவுலயும் மலேயாவுலயும் பெட்டியடியில, அதான் வட்டிக்கடைக் கல்லாவுல, உக்காந்து வரவு செலவு எழுதுன நகரத்தார் குடும்பத்துப் பொம்பளைங்க அவங்க, ஒரு வருஷம் கழிச்சு வந்த பில்லு இதுன்னு பாத்த உடனே புடிச்சிருவாங்க. புடிச்சாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, மனசுக்குள்ளயே வச்சுக்குவாங்க, அதுதான் இன்னும் மோசம்.

இதுல நான் விட்டுக்குடுக்காத விஷயம் ஒண்ணு உண்டு. நன்றிக்கடன் பட்டவங்களால வேணாம்னு சொல்ல முடியாது. வேணாம்னு சொல்ல முடியாதவங்ககிட்ட வாங்குற சரிக்கு விசுவாசம்னு பேரு கெடையாது. ஆச்சி உங்க முகத்துக்காக ஒரு ஞாயித்துக்கெழம சபைக்கு வந்து உக்காந்துட்டுப் போனா சபைக் கணக்குல ஒரு ஆத்துமா ஏறும், ஆச்சிக்குள்ள என்ன ஏறும்? இது என் சொந்தக் கருத்து மட்டும்னு நினைக்காதீங்க. 2011ல வத்திக்கான், உலகத் திருச்சபைகள் மன்றம், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு மூணு தரப்பும் ஒண்ணா உக்காந்து மத்த மதத்துக்காரங்களுக்கு நடுவுல எப்படி சாட்சியா இருக்கணும்னு ஒரு வழிகாட்டி வெளியிட்டாங்க. சாதாரணமா ஒரு மேடையில ஏறாதவங்க இவங்க மூணு பேரும். சாட்சி சொல்லுறது கிறிஸ்தவனோட கடமைன்னு ஆரம்பிச்சு, மத்தவங்க கஷ்டத்துலயும் இயலாமையிலயும் இருக்குறத அதுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னும், மதம் மாறுறது பெரிய முடிவு, யோசிக்கப் போதுமான நேரம் குடுக்கணும்னும் அதுல எழுதிருக்காங்க. இந்த வருஷத்துக்குள்ள ஆளுக்கு ஒண்ணுங்குறது இதுல எங்க பொருந்தும்னு நீங்களே பாத்துக்கங்க.

லூக்கா 17ல பத்து குஷ்டரோகிங்க கதை உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். பத்துப் பேரும் குணமானாங்க, திரும்பி வந்தது ஒருத்தன், அவனும் சமாரியன். மத்த ஒன்பது பேரு எங்கன்னு இயேசு கேட்டாரு, கேக்காம இல்ல. ஆனா வராத ஒன்பது பேருக்குக் குடுத்த குணத்த அவரு திருப்பி வாங்கல.

அப்ப சொல்லவே கூடாதான்னா, தாராளமா சொல்லணும். இதுல எனக்கு எங்க ஆர்சி, அதான் கத்தோலிக்க ஆளுங்க மேலதான் வருத்தம், கல்யாணப் பத்திரிகையத் தவிர வேற எதையும் யாருக்கும் நீட்டுனதில்ல நாங்க. ஏதோ சாமி கும்பிடுறது வீட்டுக்குள்ள நடக்குற ரகசியம் மாதிரி. நம்ம பக்கம் அப்படியா இருக்கு? தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலேர்ந்து பழனிக்கு நடக்குறாங்க, 400 வருஷத்துக்கு மேலன்னு சொல்லுவாக, ரோடெல்லாம் மஞ்சளும் பச்சையுமா, அரோகரா சத்தம், வழி நெடுக பந்தல் போட்டு மோரும் சாப்பாடும். ஆகஸ்ட் கடைசியில பாத்தா காவி கட்டிக்கிட்டு வேளாங்கண்ணிக்கு நடக்குற கூட்டம் அதே மாதிரி. யாரும் யாரையும் என்னடா இப்படி வெளிய காட்டிக்கிறாங்கன்னு மொறைக்கிறதில்ல. 1982ல மண்டைக்காட்டுல இந்து கிறிஸ்தவக் கலவரம் நடந்தப்ப குன்றக்குடி அடிகளார் அங்க போயி சமாதானத்துக்குப் பாடுபட்டாரு, சைவ மடாதிபதியாவேதான் போனாரு, திருநீறையும் ருத்ராட்சத்தையும் கழட்டி வச்சுட்டுப் போகல. பக்தி வெளிய தெரியுறது இந்த மண்ணுல யாருக்கும் உறுத்தாது. உறுத்துறது எதுன்னா, பேசிக்கிட்டே இருக்கும்போது எதிர்ல இருக்குறவங்களுக்கு, ஓ இவ என்னையப் பாக்க வரல, என்னைய மாத்த வந்திருக்கான்னு தெரியுற அந்த நிமிஷம்தான்.

வெக்கப்படுறேனான்னு கேட்டீங்க. இயேசுவோட சீடர் பேதுரு, இயேசுவைப் புடிச்சுட்டுப் போன அந்த ராத்திரி முற்றத்துல குளிர் காஞ்சுக்கிட்டு நின்னப்ப என்ன நடந்துச்சு? பிரசங்கம் பண்ணாததா அவரு மேல குத்தம்? ஒரு வேலைக்காரப் பொண்ணு, நீயும் அவரோட இருந்தவன்தானேன்னு நேருக்கு நேரா கேட்டா, இவரு இல்லன்னுட்டாரு. கேட்டப்ப பொய் சொன்னதுதான் குத்தம். அதே பேதுரு பேர்ல இருக்குற முதல் நிருபம் 3ஆம் அதிகாரத்துல, உங்க நம்பிக்கையப் பத்தி விசாரிக்கிறவங்களுக்கு சாந்தமா, மரியாதையா பதில் சொல்ல எப்பவும் தயாரா இருங்கன்னு வருது. பட்டவரு சொல்ற மாதிரியே இருக்கும் எனக்கு அந்த வரி. விசாரிக்கிறவங்களுக்கு, அதுவும் சாந்தமா. நம்ம ஆளுங்க இந்த ரெண்டையும் விட்டுட்டு, தயாரா இருங்கங்குறத மட்டும் புடிச்சுக்கிட்டு மைக் செட்டோட கெளம்பிர்றாங்க.

கேப்பாங்களாக்கான்னு கேட்டா, கேப்பாங்க. நீங்க ஒளிக்காம இருந்தா கண்டிப்பா கேப்பாங்க. எங்களுக்கு தவக்காலம் ஆரம்பிக்கிற அன்னைக்கு திருநீற்றுப் புதன், கோயில்ல ஃபாதர் நெத்தியில சாம்பல் பூசுவாரு. பூசிக்கிட்டு தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், கழுத்துல சிலுவை கெடக்கு, நெத்தியில சாம்பல். பக்கத்துல உக்காந்திருந்த ஒரு ஆச்சி என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "ஏத்தா, நீங்களும் திருநீறு பூசுவீகளா?"ன்னாக. போன வருஷக் குருத்தோலை ஞாயித்து ஓலைய எரிச்ச சாம்பல் ஆச்சி, மண்ணுலேர்ந்து வந்த நீ மண்ணுக்குத்தான் போவன்னு சொல்லிப் பூசுவாங்கன்னேன். "எங்களுதும் அதத்தானத்தா சொல்லுது"ன்னுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப உங்க சாமி செத்து எந்திரிச்சாருங்கிறீகளே, அவரு மட்டும் மண்ணுக்குப் போகலையாக்கும்?" அப்படின்னு கேட்டாக பாருங்க! மறைக்கல்வி வகுப்புல எந்தப் புள்ளையும் என்னைய இப்படி மடக்குனதில்ல. அவரு சாவோட முடியலன்னு நம்புறதாலதான் ஆச்சி நாங்க இந்தச் சாம்பல தைரியமா பூசிக்கிறோம்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன், பஸ் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தோம். எல்லாச் சாமியும் ஒண்ணுதான்னு நானும் மழுப்பல, அவங்களும் மழுப்பல. "சரித்தா, உங்க சாமி உங்கள நல்லா வைக்கட்டும்"னு ராமநாதபுரம் பஸ்ல ஏறிப் போய்ட்டாக. அதுக்கப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுங்குறது என் கணக்குல இல்ல.

ஓரியூருக்கு வருவோம், ஏன்னா அத வச்சுத்தான் நீங்க உங்களையே குறை சொல்லிக்கிறீங்க. அருளானந்தர் செத்தது 1693 பிப்ரவரி 4, தலைய வெட்டுனாங்க, அந்தச் செம்மண்ண இன்னைக்கும் எல்லா மதத்து ஆளுங்களும் எடுத்துட்டுப் போறாங்க. அதெல்லாம் சரி, அதுக்கு முன்னாடி நடந்ததையும் பாருங்க. அந்தப் பக்கத்துச் சிற்றரசர் தடியத் தேவருக்கு உடம்பு சரியில்ல, அவராத்தான் அருளானந்தர் சாமியாருக்கு ஆளு விட்டாரு. சாமியாரு உடனே ஓடிப் போகல, தனக்கு உதவியா மறை சொல்லிக்குடுக்குற உபதேசியார அனுப்புனாரு. குணமான தேவரு ஞானஸ்நானம் கேக்குறாரு, அப்பவும் அள்ளிப் போட்டுக்கல, ஒரு மனைவியத் தவிர மத்தவங்கள விடணும்னு நெசமாவே கஷ்டமான நிபந்தனைய முன்னாடி வச்சாரு. வந்தவர வளைச்சுப் போட்ட ஆளு இல்ல அவரு, வந்தவருக்கே இதுல என்னென்ன போகும்னு சொன்ன ஆளு.

அதுல விலக்கி வைக்கப்பட்ட ஒருத்தி ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதிக்கு உறவுக்காரப் பொண்ணு. அவ போயி அழுதுதான் விஷயம் அரண்மனை வரைக்கும் போச்சு. ஓரியூர் திருவிழாவுல எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கேன், அந்தப் பொண்ணு பாடு என்ன ஆச்சுன்னு ஒரு ஃபாதரும் பேசி நான் கேட்டதில்ல, வில்லி மாதிரி ஒரு வரியில வந்துட்டுப் போயிருவா. எனக்கு அவ ஞாபகம் வரும். ஒரு வீட்டுல ஒருத்தரு மாறுனா அந்த வீட்டுல மத்தவங்களுக்கும் ஏதோ ஒண்ணு முறியுது. உங்க ஆச்சிக்கு சிங்கப்பூர்ல மகன், நகரத்தாரோட ஒன்பது கோயில்ல ஒரு கோயில் வழி, முன்னோருக்குப் படைக்கிற படைப்பு, பங்காளிங்க, நாளைக்கு அவங்க காரியம்னு எவ்வளவோ இருக்கு. 'ஒரு ஆத்துமா'ன்னு எண்ணுறவங்க இதுல எதையும் எண்ணிப் பாத்திருக்க மாட்டாங்க.

கேஸ் பயத்துக்கு சுருக்கமா சொல்லிர்றேன். அரசியல் சட்டம் 25ஆவது பிரிவு நம்ம மதத்தக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை குடுத்திருக்கு, பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு. 1977ல ஸ்டானிஸ்லாஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, பரப்புற உரிமைன்னா இன்னொருத்தர மதம் மாத்துற உரிமைன்னு அர்த்தம் இல்லன்னு சொல்லிருச்சு. தமிழ்நாட்டுல 2002ல கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்துச்சு, 2004லயே வாபஸ் ஆச்சு. நீங்க திண்ணையில உக்காந்து கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றது குத்தம் ஆகாது. ஆனா ஆச்சி மகன் சிங்கப்பூர்லேர்ந்து போன் பண்ணி, எங்க அம்மா காலு சரியில்லாதப்ப கூட இருந்தது இதுக்குத்தானான்னு கேட்டா அதுக்கு எந்தப் பிரிவும் உங்களக் காப்பாத்தாது.

கடைசியா அந்தப் பிரசாதம். கடிதத்துல மொத்தத்துலயும் என்னைய உறுத்துனது அதுதான். சாப்பிடுறதும் சாப்பிடாததும் உங்க மனசாட்சி, எங்க ஆளுங்கள்ல நெறய பேரு பொங்கல வாங்கி அங்கயே நின்னு சாப்பிட்டுருவாங்க, உங்க சபையில இல்லேன்னா இல்ல, சிலைக்குப் படைச்சதச் சாப்பிடலாமாங்குறத பவுலே கொரிந்தியருக்கு எழுதுன நிருபத்துல ரெண்டு பக்கமும் யோசிச்சுத்தான் எழுதிருக்காரு. ஆனா சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டு வந்து குப்பையில போடாதீங்க. வாழையிலையில மடிச்சு, முழங்கால் வலியோட படி எறங்கி, உங்களுக்குன்னு எடுத்துட்டு வந்து குடுக்குறாங்க. ஒரு நாள் குப்பக் கூடையில அவங்களே பாத்தாங்கன்னு வைங்க, நீங்க அதுக்கப்புறம் இயேசுவப் பத்தி என்ன சொன்னாலும் அந்த இலைதான் அவங்க கண்ணுல நிக்கும்.

இந்த வாரம் ஆச்சிகிட்ட சொல்லுங்க. கைப்பிரதி வேணாம், வசனமும் வேணாம். கையக் கும்பிட்டு, ஆச்சி, நான் இயேசுவக் கும்பிடுறவ, எங்க சபையில பிரசாதம் சாப்பிட மாட்டோம், இவ்ளோ நாளா உங்ககிட்ட சொல்ல சங்கடப்பட்டு மறைச்சுட்டேன், நீங்க பாசமா குடுக்குறது எனக்குத் தெரியும், அதுக்குப் பதிலா உங்க கையால ஒரு காப்பி குடுங்க, அப்படின்னு. கோவப்பட்டா படட்டும், உங்க ஆச்சி ரெண்டு நாள் மொகத்தத் தூக்கி வச்சுட்டு மூணாவது நாள் காப்பியோட வந்துருவாங்கன்னு எனக்குத் தோணுது. நீங்க சொல்ல வேண்டிய மொத சாட்சி இதுதான், இத்தன மாசமா நீங்க சொல்லாம இருந்ததும் இதத்தான். ஏன் சாப்பிட மாட்டீக, உங்க சாமி என்ன சொல்லிருக்காருன்னு அவங்க கேட்டா அப்ப உக்காந்து சொல்லுங்க, கேக்கலேன்னா விட்டுருங்க. அவங்க முருகனப் பத்தி சொன்னா கடியாரத்தப் பாக்காம கேளுங்க, நடந்து பழனிக்குப் போன கதை எப்படியும் ஒண்ணாவது வச்சிருப்பாங்க.

பாஸ்டரம்மாகிட்ட, ஆச்சி என் லிஸ்ட்ல இல்லம்மான்னு நேராவே சொல்லிருங்க. ரொம்ப நெருக்குனாங்கன்னா இந்தப் பதில அவங்களுக்கே அனுப்பி வைங்க, கோவம் என்மேல வரட்டும்.

அன்புடன்,
அக்கா