நின்றுகொண்டே வேலை செய்தால் இடுப்பு வலி தீருமா?

கேள்வி: எனக்கு 36 வயது, உயரம் 155 செ.மீ. மதுரை ஆனையூரில் வசிக்கிறேன். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை (நோயாளிகளின் மருத்துவ அறிக்கைகளைக் குறியீடுகளாக மாற்றுவது) செய்கிறேன். காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தால் மாலை ஆறு மணி வரை எழுந்திருப்பது அபூர்வம். மூன்று மணிக்கு மேல் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கழுத்தும் தோளும் கனக்கின்றன. இரவு தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது. ‘ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்கி நாள் முழுக்க நின்று வேலை செய், வலி போய்விடும்’ என்கிறான் என் தம்பி. உயரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும் அந்த மேசையின் விலை 24 ஆயிரம் ரூபாய். ஆனால், தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் பல வருடங்கள் நின்றே வேலை பார்த்த என் அம்மாவுக்கு இன்று காலெல்லாம் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?

இயன்முறை மருத்துவரின் பதில்: மேசையைப் பற்றிப் பேசுவதற்கு முன் வலியின் வகையைப் பார்த்துவிடுவோம். மாலையில் வந்து, தூக்கத்தில் மறையும் வலி பெரும்பாலும் ஒரே நிலையில் நெடுநேரம் இருந்த தசைகளின் களைப்பே. இருமும்போதோ தும்மும்போதோ வலி காலுக்கு இறங்கினாலும், பாதம் மரத்துப்போனாலும், இரவில் வலி தூக்கத்தைக் கலைத்தாலும் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடைகளின் உட்புறம் உணர்விழந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை.

இனி கேள்விக்கு வருகிறேன். உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது கெடுதல்தான். அதற்கு மாற்றாக நாள் முழுக்க நிற்பதும் கெடுதலே. இதற்கு ஆய்வைத் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை, உங்கள் அம்மாவின் கால்களே சாட்சி. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் நின்றுபோய், இரத்தம் கால் சிரைகளிலேயே, அதாவது நாம் நரம்பு என்று சொல்லும் நீல இரத்தக் குழாய்களிலேயே, தேங்குகிறது. நாளடைவில் அவற்றின் வால்வுகள் பழுதாகின்றன. கடைகளில் வேலை செய்வோர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் காலம் முழுக்கப் பட்ட வலிதான் அந்தத் திருத்தத்தின் பின்னால் இருக்கிறது. அந்தப் பெண்கள் உட்கார உரிமை கேட்டுப் பெற்ற ஊரில், கணினி முன் இருப்பவர்களிடம் ‘நாள் முழுக்க நில்லுங்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்விலும், உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட, பெரும்பாலும் நின்றே வேலை செய்தவர்களுக்கு இதய நோய் ஏறத்தாழ இரு மடங்கு வந்திருந்தது.

உட்கார்ந்தால் முதுகெலும்பு வட்டுகளில் (எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குகளில்) அழுத்தம் கூடும் என்று மேசை விற்பவர்கள் ஒரு படம் காட்டுவார்கள். 1960களில் சுவீடனின் எலும்பு மருத்துவர் அல்ஃப் நாக்கெம்சன் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். அந்தப் படத்துக்கு மூலம் அதுதான். ஆனால் 1999இல் ஜெர்மனியின் வில்கே என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒருவரின் வட்டுக்குள் உணரியைப் பொருத்தி அளந்தபோது, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் நிற்பதைவிட அழுத்தம் குறைவாகவே இருந்தது. ஆகவே நிற்பது நல்லது, உட்கார்வது கெட்டது என்று பிரித்துவிட முடியாது. வளர்ந்தவர்களின் வட்டுகளுக்குள் இரத்தக் குழாய்கள் கிட்டத்தட்ட இல்லை. நீரில் நனைந்த பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல, அழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் அவற்றுக்குள் நீரும் சத்தும் போய்வருகின்றன. ஒன்பது மணி நேரம் ஒரே நிலையில் இருந்தால், அது உட்கார்ந்த நிலையோ நின்ற நிலையோ, பிழிந்த பஞ்சு பிழிந்தபடியே கிடக்கும்.

1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்தார். இருவருக்கும் அதே இரட்டை மாடி பஸ், அதே வழித்தடம். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. நடத்துநர் நின்றார் என்பதைவிட ஓயாமல் நடமாடினார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மாட்டுத்தாவணியிலிருந்து திருமங்கலம் போகும் பஸ்ஸில் நடத்துநரைச் சற்று நேரம் பாருங்கள். கம்பியில் சாய்கிறார், முன் படிக்கட்டுக்குப் போகிறார், திரும்பி வருகிறார், காலி இருக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். ஒரே நிலையில் ஐந்து நிமிடம் இருப்பதில்லை. உங்களுக்கு வேண்டியது அந்த மாற்றம்தான்.

நேரக் கணக்கு ஒன்று வேண்டுமென்றால், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் ஹெட்ஜ் தந்த கணக்கு எளிமையானது: அரை மணி நேரத்தில் 20 நிமிடம் உட்கார்வது, 8 நிமிடம் நிற்பது, 2 நிமிடம் நடப்பது. கடிகாரத்தைப் பார்த்தபடி வேலை செய்ய முடியாதே என்பீர்கள். அப்படியானால் வேலையை வைத்துப் பிரியுங்கள். நோயாளியின் அறிக்கையை முதல்முறை வாசித்துப் பார்ப்பது, குழுவுடன் பேசுவது, தொலைபேசி, இவற்றையெல்லாம் நின்றுகொண்டு செய்யலாம். குறியீடுகளைத் தேடி நுணுக்கமாகத் தட்டச்சு செய்வதை உட்கார்ந்து செய்யுங்கள், கை நடுங்காது. முதல் வாரம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். நாளொன்றுக்கு நிற்பதும் மெல்ல நடப்பதுமாகச் சேர்த்து இரண்டு மணி நேரம், பழகியபின் நான்கு மணி நேரம் வரை என்பது 2015இல் பிரிட்டனில் நிபுணர் குழு ஒன்று தந்த பரிந்துரை. அதையும் ஒரே மூச்சில் நின்று தீர்க்கக் கூடாது.

அந்த இரண்டு நிமிட நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். முடிந்தபோது அதை ஐந்து நிமிடமாக்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை பெருமளவு குறைகிறது என்று 2023இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறார்கள். குடும்பத்தில் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மதிய உணவுக்குப் பிந்தைய நடை மிக முக்கியம். தண்ணீர்ப் பாட்டிலை மேசையில் வைக்காமல், பானையை அடுக்களையிலேயே வைத்து, தாகமெடுக்கும் போதெல்லாம் எழுந்து போய்க் குடியுங்கள். உடல் எடை குறையும் என்று நம்பி நிற்பவர்களும் உண்டு. உட்கார்வதைவிட நிற்பதில் கூடுதலாகச் செலவாவது மணிக்கு ஒன்பது கலோரி அளவுதான். ஆறு மணி நேரம் நின்றால் ஓர் இட்லி கணக்காகும்.

இப்போது உங்கள் சாப்பாட்டு மேசை. கழுத்தும் தோளும் கனப்பதற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு. சாப்பாட்டு மேசைகளின் உயரம் ஏறத்தாழ 75 செ.மீ., நாற்காலியின் உயரம் 45. உங்கள் உயரத்துக்கு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை 67 செ.மீ. அளவில்தான் நிற்கும். மேசை அதற்கு மேலே இருப்பதால் நாள் முழுக்கத் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டே தட்டச்சு செய்கிறீர்கள். நாற்காலியில் ஏழெட்டு செ.மீ. உயரத்துக்குக் கெட்டியான திண்டு ஒன்றைப் போடுங்கள். மெத்தென்று அமுங்கும் தலையணை உதவாது. பாதம் தொங்குமே? செங்கற்களை இரண்டடுக்காக அடுக்கிப் பழைய துணி சுற்றிக் காலடியில் வையுங்கள். சரியாக 15 செ.மீ. வரும். லேப்டாப்பைப் புத்தகங்களின்மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். தனி கீபோர்டும் மவுஸும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இந்தச் செலவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் ஒன்று கழுத்து குனியும், இல்லையேல் தோள் உயரும்.

நிற்பதற்கான இடத்தை வேறொரு மூலையில் அமையுங்கள், இடம் மாறும் சாக்கில் நாலு எட்டு நடப்பீர்கள். வெறுங்காலுடன் சுவரோரம் நின்று தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்குங்கள். முழங்கையின் அடிப்பகுதி வரும் இடத்தை வீட்டில் யாரையாவது பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அது 95 முதல் 100 செ.மீ.க்குள் இருக்கும். கீபோர்டு வைக்கும் பலகை அந்தக் கோட்டுக்கு வர வேண்டும். கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தாலும் தவறில்லை. லேப்டாப் அதைவிட 25 செ.மீ. மேலே. சுவர் அலமாரியின் சிமென்ட் தட்டு, உறுதியான மேசைமேல் வைத்த மரப்பெட்டி என எது பொருந்துகிறதோ அது போதும். சமையல் மேடை வேண்டாம். உயரமும் போதாது, பக்கத்தில் தண்ணீரும் அடுப்பும் இருக்கும்.

நம் வீடுகளின் மொசைக், டைல்ஸ் தரை பாதத்துக்குக் கடினமானது. வெறுங்காலில் நெடுநேரம் நின்றால் குதிகால் வலிக்கும். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு மெத்தென்ற ரப்பர் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். முட்டியைப் பூட்டினாற்போல் விறைப்பாக நிற்காதீர்கள். அதே செங்கல் அடுக்கின்மேல் ஒரு காலை வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கால் மாற்றினால் இடுப்பின் வளைவு தளரும். சித்திரை, வைகாசி வெயிலில் சிரைகள் விரிந்து கால் விரைவில் வீங்கும். அந்த மாதங்களில் நிற்கும் நேரத்தைக் குறைத்து நடையைக் கூட்டுங்கள். அம்மாவுக்கு இருப்பதால் உங்களுக்கும் நரம்புச் சுருட்டல் வர வாய்ப்பு சற்று அதிகம். மாலையில் கணுக்கால் வீங்கினாலோ, தோலுக்கடியில் நீல நரம்பு புடைத்துத் தெரிந்தாலோ நிற்பதைப் பாதியாக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முட்டி வலி இல்லையென்றால் மூன்றாவதாக ஒரு நிலையும் நமக்குப் பழக்கமானதுதான். பாயில் சம்மணமிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, சாய்வுப் பலகையில் வைத்து வாசிப்பது. தரையிலிருந்து எழுந்திருப்பதே தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல பயிற்சி. கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

24 ஆயிரத்தை இப்போது செலவழிக்காதீர்கள். செங்கல்லும் மரப்பெட்டியுமாக இரண்டு மாதம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் தினமும் நான்கைந்து முறை எழுந்து நிற்கிறீர்கள், பெட்டியை ஏற்றி இறக்குவதுதான் தொல்லையாக இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். அப்போது கடைக்கு நேரில் போங்கள். விற்பனையாளர் அதிகபட்ச உயரத்தைத்தான் பெருமையாகச் சொல்வார். நீங்கள் குறைந்தபட்ச உயரத்தைக் கேளுங்கள். பல மாடல்கள் 70 செ.மீ.க்குக் கீழே இறங்குவதில்லை. அப்படிப்பட்டதை வாங்கினால் நிற்கும்போது சுகமாகவும், உட்காரும்போது பழைய சாப்பாட்டு மேசையாகவும் இருக்கும். அடிமட்டத்துக்கு இறக்கச் சொல்லி, உட்கார்ந்து பாருங்கள். பிறகு உங்கள் பென்சில் கோட்டின் உயரத்துக்கு ஏற்றி, இரண்டு கைகளாலும் வேகமாகத் தட்டச்சு செய்து பாருங்கள். திரை ஆடினால் அந்த மேசை வேண்டாம்.