காய்ந்துபோன பழைய லைவ் ராக்கைப் புதிய கடல்நீர்த் தொட்டியில் வைக்கலாமா?

வாசகர் கேள்வி: சில வருடங்களுக்கு முன் கலைத்த கடல்நீர் மீன்தொட்டியின் லைவ் ராக் (கடல் உயிரினங்கள் குடியிருக்கும், துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை) சுமார் 25 கிலோ, பெட்டியில் எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது. இப்போது 250 லிட்டரில் புதிய தொட்டி அமைக்கிறேன். மீன்களோடு சில பவளங்களும் வளர்க்க ஆசை. பாறையை அலசி அப்படியே போட்டுவிடலாமா? ஒருவர் கொதிக்க வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் ஆசிட்டில் ஊறவைக்கச் சொல்கிறார்.

தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அலசி அப்படியே போடக் கூடாது. கொதிக்க வைக்கவே கூடாது. மற்ற தவறுகளில் பெரும்பாலும் பாதிப்பு மீன்களுக்குத்தான், இதில் வீட்டில் இருப்பவர்களுக்கே ஆபத்து. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கடல்நீர்த் தொட்டிகளில் பரவலாக வளர்க்கப்படும், பவளங்களுக்கு உறவான ஸோவான்திட் என்ற உயிரின வகைகளில், முக்கியமாக பாலிதோவாவில், பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். 1971இல் ஹவாய்த் தீவுகளில் எடுத்த பாலிதோவாவிலிருந்துதான் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். மிகச் சிறிய அளவே ஆளைச் சாய்க்கும். சூட்டுக்கு இது எளிதில் அழிவதில்லை. பாறையைக் கொதிக்க வைத்தால் ஆவியோடு சேர்ந்து காற்றில் கலந்து மூச்சில் போகும். இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், தசை வலி என்று குடும்பமே மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. காய்ந்துவிட்டதால் நஞ்சும் போயிருக்கும் என்று நம்ப வேண்டாம். காய்ந்த பாறையை அப்படியே பிரஷ் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்புவதும், எடுத்த எடுப்பில் அதிவேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவதும் இதே ஆபத்தைக் கொண்டவை. முதலில் ப்ளீச்சில் ஊறட்டும், தேய்ப்பதெல்லாம் அதன் பிறகுதான். பாலிடாக்ஸினை ப்ளீச் செயலிழக்கச் செய்யும். வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் கட்டாயம்.

அடுத்து, பழைய தொட்டியின் கதையை நினைவுபடுத்திப் பாருங்கள். மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து, அந்தத் தொட்டியிலேயே தாமிர மருந்து ஊற்றியதுண்டா? சுண்ணாம்புப் பாறை தாமிரத்தை உள்வாங்கி வைத்திருந்து மெல்ல மெல்ல வெளிவிடும். மீன் தாங்குகிற அளவு தாமிரம்கூட இறால், நத்தை, பவளம் ஆகியவற்றைக் கொன்றுவிடும். அப்படி மருந்து போட்டிருந்தால், மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு இந்தப் பாறை போதும், பவளத் தொட்டிக்கு வேண்டாம். கழுவிக் கழுவிச் சரிசெய்யலாம் என்று இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். சந்தேகம் இருந்தாலும் இதே பதில்தான்.

தாமிரம் இல்லை என்றால் உங்கள் கையில் இருப்பது நல்ல பொருள். சந்தையில் டிரை ராக் என்று விற்பதில் பல இதே மாதிரி சுண்ணாம்புப் பாறைகள்தான். காய்ந்ததில் ஒரு லாபமும் உண்டு: எய்ப்டேசியா என்ற வேகமாகப் பெருகும் சிறு கடற்சாமந்தி, பிரயோப்சிஸ் பாசி, பாறைக்குள் ஒளிந்திருக்கும் மாண்டிஸ் இறால் போன்ற தொல்லைகள் எல்லாம் செத்திருக்கும். கடலிலிருந்து பெயர்த்தெடுக்கும் லைவ் ராக்கின் சர்வதேச வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலின் கீழ் கட்டுப்படுத்தப்படுகிறது. நீங்கள் மீட்டெடுக்கும் ஒவ்வொரு கிலோவும் கடலில் உடைக்காமல் விட்ட ஒரு கிலோ. அதனால்தான் இந்த மெனக்கெடலுக்கு மதிப்பு இருக்கிறது என்கிறேன்.

சரி, அலசி அப்படியே போட்டால் என்ன ஆகும்? ப்ளீச்சில் ஊறிய பிறகு ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள். வெளியே வெள்ளையாக இருந்தாலும் உள்ளே பழுப்பு நிறத்தில் வளையங்கள் தெரியும். துளைகளுக்குள் சிப்பி ஓடுகள், புழுக்களின் சுண்ணாம்புக் குழாய்கள், தோல்போல் ஒட்டிக் காய்ந்த கடற்பஞ்சு எல்லாம் இருக்கும். அந்தப் பாறையில் வாழ்ந்த அத்தனையும் இருந்த இடத்திலேயே செத்துக் காய்ந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் அழுக ஆரம்பித்து அம்மோனியாவை விடும். கடல்நீரின் பி.எச். 8க்கு மேல் இருப்பதால் நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அம்மோனியாவின் நஞ்சு கடுமை. ஆனாலும் அம்மோனியா சில வாரத்தில் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் படுத்துவது பாஸ்பேட். அது சுண்ணாம்போடு ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. பழைய தொட்டியில் வருடக்கணக்கில் போட்ட தீனியின் பாஸ்பேட் இந்தப் பாறையில் சேர்ந்திருக்கிறது. எண்ணெய் குடித்த மண்சட்டியை எத்தனை முறை கழுவினாலும் மறுபடி கசிகிற மாதிரி, தண்ணீரை மாற்ற மாற்ற உள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். புதுத் தொட்டியில் கட்டுக்கடங்காமல் பச்சைப்பாசி படர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே சுத்தம் செய்யும் வேலை முழுவதையும் தனி பிளாஸ்டிக் தொட்டியில் முடித்துவிடுங்கள். வாசனையோ சோப்போ கலக்காத சாதாரண ப்ளீச் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். உள்ளே ஒரு சிறிய பம்ப் ஓடட்டும். ஒரு வாரம் வரை ஊறலாம். நடுவில் தண்ணீர் பழுப்பாகி ப்ளீச் வாசனை போய்விட்டால், கழிவை அரிப்பதில் ப்ளீச் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். பிறகு கெட்டிப் பிரஷால் தேய்த்து, துளைகளில் தண்ணீரைப் பீய்ச்சி, பிசிறுகளை வெளியேற்றுங்கள். கடைசியாக, மிச்சமுள்ள குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்ஃபேட் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசி, நல்ல வெயிலில் பல நாள் உலர்த்துங்கள். துளி குளோரின் வாசனை இருந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

இப்போது ஒரு சோதனை. பாறையைச் சுத்தமான உப்புநீரில் மூழ்கவைத்து, பம்ப் ஓடவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பாஸ்பேட்டை அளந்து பாருங்கள். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலை இல்லை. 0.5, 1 என்று காட்டினால் தண்ணீரை முழுதாக மாற்றி, அடுத்த வாரம் மறுபடி அளந்து பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வந்தால் பாறை காலியாகிக்கொண்டிருக்கிறது, பொறுமை போதும். குறையவே மாட்டேன் என்றால் லாந்தனம் குளோரைடு உதவும். நன்றாக நீர்த்துப்போகக் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டால் பாஸ்பேட்டைப் பிடித்து வெண்மையான படிவாக்கிவிடும். அந்தப் படிவை மெல்லிய ஃபில்டர் பையில் வடித்து எடுக்க வேண்டும். மீன் இல்லாத இந்தக் கட்டத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஆசிட்டுக்கு வருவோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பாறையின் மேலடுக்கைக் கரைத்து, அதில் ஒட்டிய பாஸ்பேட்டையும் சேர்த்து நீக்கிவிடும். பலன் உண்டுதான். ஆனால் உள்துளைகளில் இருப்பதை அது அவ்வளவாகத் தொடாது. பாறையும் தேயும். அமிலத்தைக் கையாளும் பழக்கம் இல்லாதவருக்கு என் பரிந்துரை: ப்ளீச்சும் பொறுமையும் போதும், ஆசிட்டை விட்டுவிடுங்கள். செய்தே தீருவேன் என்றால் அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. ப்ளீச் மிச்சம் இருக்கும் பாறையில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. நிறமும் சோப்பும் கலந்த கழிப்பறை கிளீனர்களைப் பாறைக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

சுத்தமான பாறையில் இப்போது உயிர் ஏதும் இல்லை. அதே பிளாஸ்டிக் தொட்டியிலேயே அதற்கு உயிரூட்டலாம்: லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புச்செறிவு, 25 அல்லது 26 டிகிரி வெப்பம், நல்ல நீரோட்டம், மேலே மூடி. விளக்கு வேண்டாம், வெளிச்சம் பாசிக்குத்தான் தேவை, பாக்டீரியாவுக்கு அல்ல. பாட்டிலில் கிடைக்கும் கடல்நீர்ப் பாக்டீரியாவை ஊற்றி, அம்மோனியம் குளோரைடு கொண்டு அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கொண்டுவாருங்கள். அந்த 2 மில்லிகிராமும் 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் பாறை தயார். சிலருக்கு மூன்று வாரம், சிலருக்கு இரண்டு மாதம். தேதியைப் பார்த்து முடிவு செய்யாமல் டெஸ்ட் கிட் சொல்வதைக் கேளுங்கள்.

பாட்டில் பாக்டீரியா தராத ஒன்று உண்டு. கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகள், நுண்புழுக்கள், கடற்பஞ்சு, ஊதாநிறக் கோரலைன் பாசி இவையெல்லாம் நலமாக ஓடும் ஒரு பழைய தொட்டியிலிருந்துதான் வர வேண்டும். நம்பகமான ஒருவரிடம் கையளவு பாறையோ ஒரு கோப்பை மணலோ வாங்கி, சில வாரம் தனியே வைத்து, எய்ப்டேசியா இருக்கிறதா என்று இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் சேர்த்துவிடுங்கள். மற்ற பாறைகளுக்குப் பரவ மாதங்கள் ஆகும், பரவாயில்லை.

பிரதான தொட்டிக்கு மாற்றியதும் டயட்டம் என்ற பழுப்புநிற நுண்பாசி, அப்புறம் பச்சைப்பாசி என்று வரிசையாக வரும். இது எல்லாப் புதுத் தொட்டியிலும் நடப்பதுதான். அந்த நேரத்தில் பயந்துபோய் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குத் துடைத்தெடுக்காதீர்கள். இரண்டும் பூஜ்யமான புதுத் தொட்டிகளில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி பலமுறை தலைதூக்குகிறது. அதை ஒழிப்பது பச்சைப்பாசியை ஒழிப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். பாஸ்பேட் 0.03 முதல் 0.1க்குள் இருக்கட்டும்.

25 கிலோ முழுவதும் 250 லிட்டருக்குத் தேவையில்லை. துளைகள் நிறைந்த, எடை குறைவான கற்களாகப் பொறுக்கி 15 கிலோவில் அடுக்கினால் நீரோட்டத்துக்கும் மீனுக்கும் இடம் இருக்கும். கனமான, துளையில்லாத கற்களை ஒதுக்கிவிடுங்கள். அடிக்கற்களை முதலில் கண்ணாடித் தரையில் அசையாமல் உட்காரவைத்துவிட்டு, அதற்குப் பிறகே மணலைப் போடுங்கள். மணல்மேல் வைத்தால் மீன்கள் அடியில் தோண்டும்போது குவியல் சரிந்து கண்ணாடியில் மோதும்.